கடன் வாங்கிக் கழித்தல்

42-லிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. அதன் கீழே 63-லிருந்து 28 போக 45. அதற்கும் கீழே 91-லிருந்து 34 போக 63. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன்.

பி.எட். இரண்டாம் ஆண்டின் கற்பித்தல் பயிற்சிக்காக, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளிக்குப் போகத் தொடங்கி அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கு, 38 பிள்ளைகள். முழுக்களின் கழித்தலைத் தொடங்கும் முன், பழைய கழித்தல் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க ஐந்து கணக்குகள் கொடுத்திருந்தேன். நாலைந்து நோட்டுகள் திருத்திய பிறகுதான் மனம் அந்த 35-க்குத் திரும்பியது. கட்டிலிருந்து அவள் நோட்டைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன். நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பதை அவள் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறாள். ஐந்து கணக்கிலும் அதே முறை, ஓரிடத்தில்கூடப் பிசகாமல்.

ஒன்றும் தெரியாத பிள்ளை இப்படித் தவறு செய்யாது, வாய்க்கு வந்ததை எழுதும். இவள் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு அதற்கு உண்மையாக நடந்திருக்கிறாள். அந்த விதியை அவளுக்குச் சொன்னவர்கள் எங்களைப் போன்றவர்கள்தாம். "பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும்" என்று ஒன்றாம் வகுப்பில் சொல்கிறோம். இரட்டை இலக்கம் வரும்போது அந்தச் சொல் பொருந்தாது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் இதைத்தான் விரிவாக எழுதினார்கள். பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதில்லை, கணினி நிரலில் ஒரு வரி பிசகினால் எப்படி ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருமோ அப்படி ஒழுங்காக வருகிறது என்றார்கள். அவர்கள் தொகுத்த பட்டியலில் என் மாணவி செய்த தவறும் இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் பெருக்கல் குறி போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

பயிற்சிக்குப் புறப்படும் முன் கல்லூரியில் ஓர் ஒப்படைப்பு கேட்டார்கள். தலைப்பு, கல்வி பற்றிய எனது தத்துவம். இலட்சியவாதம், இயற்கைவாதம், ரூசோ, டூயி, காந்தியின் ஆதாரக் கல்வி என்று ஆறு பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. எழுதியவற்றில் எதையும் இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு பக்கத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. இன்று அதே தலைப்பைக் கொடுத்தால் இந்த நோட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

ஆசிரியர் அறையில் இருந்த பட்டியல் ஒன்றில் "மெல்லக் கற்போர்" என்ற தலைப்பின் கீழ் அவள் பெயர் இருந்தது. கெட்ட நோக்கத்தில் எழுதப்பட்ட பட்டியல் அல்ல அது. யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள். என்றாலும் அந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் எதை மெல்லக் கற்றாள்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்று ஏழாம் வகுப்பில் இருப்பவள் 2019-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டில். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-இல், அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. பத்துகளை ஒன்றுகளாக மாற்றிக் கழிக்கும் பாடம் சரியாக அந்த இடைவெளிக்குள் விழுந்திருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி ஓடியது உண்மை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் யார் கையில் என்ன வேலை இருந்தது என்பது வேறு விஷயம். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரப் பிறகு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என்று 2022 ஜூனில் தொடங்கியபோது இவள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஒரு பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் அவள் நின்ற இடத்துக்கு உரிய நேரத்தில் வரவில்லை. இதில் மெல்ல என்பதற்கு என்ன வேலை?

அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். எங்கள் பக்கத்தில் இது புதுமை இல்லை. வேப்பனப்பள்ளி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் ஒரே வகுப்பில் தெலுங்கு, கன்னடம், உருது, தமிழ் என்று நாலு வீட்டு மொழிகள் உட்கார்ந்திருக்கும். தமிழில் நன்றாகப் பேசுகிற பிள்ளைகள்தாம். ஆனால் எண்ணும்போது உதடு எந்த மொழியில் அசைகிறது என்று பார்த்தால் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சந்தையில் அவளைப் பார்த்தேன். அம்மா பூக் கட்டிக்கொண்டிருக்க, விற்பனையை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியம்மா இரண்டு முழம் கனகாம்பரமும் கொஞ்சம் உதிரிச் சாமந்தியும் வாங்கினார். மொத்தம் 85 ரூபாய். 200 ரூபாய்த் தாளை நீட்டினார். இவள் மடியில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு 5 ரூபாய் நாணயத்தை எடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள், அதன் மேல் ஒரு 10 ரூபாய்த் தாள், அதன் மேல் ஒரு 100. ஒவ்வொன்றாக வைக்கும்போது வாய்க்குள் தெலுங்கில் தொண்ணூறு, நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டே போனாள். கழிக்கவே இல்லை. கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். அந்த அம்மா எண்ணிப் பார்க்காமல் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். பிறகு ஒருவர் 36 ரூபாய்க்குப் பூ வாங்கி 50 கொடுத்தார். அதே வேகம்.

பிரேசில் நாட்டில் ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் தேங்காய் முதலியவற்றை விற்ற சிறுவர் சிறுமியரைப் பற்றி 1985-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கல்வியியல் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். டெரிசின்யா நூனெஸ் காரஹெரும் அவருடைய இரண்டு சகாக்களும் ஐந்து பிள்ளைகளிடம் முதலில் வாடிக்கையாளர்போலப் பேசிக் கணக்குக் கேட்டார்கள். 98 விழுக்காடு சரி. பிறகு அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 37 விழுக்காடுதான் சரி. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் என்ன விலை என்று ஒரு பையனைக் கேட்டபோது, மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று அடுக்கிக்கொண்டே போய் 350-இல் வந்து நின்றிருக்கிறான். ஒரு சைபர் சேர்த்தால் போதும் என்று பள்ளி சொல்லித்தருகிறது. அவன் தனக்கு நம்பிக்கையான வழியில் போனான். அந்த ஆய்வைப் படித்தபோது ரெசிஃபே எங்கோ இருந்தது. சந்தையில் நின்றபோது என்னிடமிருந்து நாலடி தூரத்தில் இருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில், மிகுந்த மகிழ்ச்சியோடு, அவளை எழுப்பி நிறுத்தினேன். "இவள் சந்தையில் எவ்வளவு வேகமாகச் சில்லறை கொடுக்கிறாள் தெரியுமா? இங்கே வந்து செய்து காட்டு, கண்ணு" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பூக்காரி" என்றான். வகுப்பு சிரித்தது. அவள் முன்னால் வரவில்லை, உட்காரவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று மேசையில் இருந்த கீறலை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை.

பிள்ளையின் வீட்டு அனுபவத்தை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. அந்த அனுபவம் யாருக்குச் சொந்தம் என்று எதுவும் சொல்லவில்லை. அவள் பூ விற்பது அவளுடைய விஷயம். அதை ஊர் முன்னால் எடுத்து வைக்க எனக்கு உரிமை கிடையாது, பாராட்டுவதற்காக என்றாலும் கிடையாது. அவளுடைய அறிவை நான் மதித்தேன். அவளுடைய மானத்தைப் பற்றி நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தாள். மதிய உணவுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, உன்னைக் கேட்காமல் சொன்னது என் தப்பு என்றேன். தலையை ஆட்டினாள். மன்னித்தாளா, டீச்சர் சொன்னதற்காகத் தலையாட்டினாளா என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பையனைத் தண்டிக்கவில்லை. அவனுடைய அம்மாவும் மாங்கூழ்த் தொழிற்சாலைக்குக் கூலி வேலைக்குப் போகிறவர் என்பது பின்னால் தெரிந்தது. அவனிடம் தனியாகப் பேசினேன். ஒரே தடவையில் சரியாகிவிடவில்லை.

அந்த வாரத்திலிருந்து மாலையில் பள்ளி விட்ட பிறகு பத்து நிமிடம், அவளும் இன்னும் நாலைந்து பேரும் என்னோடு உட்கார்ந்தார்கள். 42-லிருந்து 17. இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் இருக்கும் நான்கிடம் ஒன்று கடன் வாங்கு என்று, எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிக்கொடுத்தேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாங்கினதை எப்போது திருப்பிக் கொடுப்போம், மிஸ்?"

இருபது ஆண்டுகளாகக் கழித்தல் கணக்குப் போடுகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரத் தவணைக்காக மகளிர் குழுவில் இருந்து ஆள் வந்து திண்ணையில் உட்காரும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். நான்கிடமிருந்து பத்தை வாங்கிக்கொண்டு, காரியம் முடிந்ததும் நான்கை மூன்றாகவே விட்டுவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்? "கடன்" என்ற சொல் அந்த இடத்தில் பொய் சொல்கிறது. அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். இதனால்தான் கடன் வாங்கும் முறையை அவள் ஒருபோதும் நம்பவில்லையோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இப்போதைய பாடப்புத்தகங்களில் "இன மாற்றம்" என்ற சொல் வந்திருக்கிறது. பொருத்தமான சொல், ஆனால் பிள்ளை வாயில் எளிதாக வராது. வகுப்பில் இன்னும் கடன்தான் புழங்குகிறது. கடன் இல்லை கண்ணு, சில்லறை மாற்றுகிறோம் என்றேன். உன்னிடம் நாலு பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒற்றை ரூபாயும் இருக்கின்றன. ஏழு ரூபாய் சில்லறையாகக் கொடுக்க வேண்டும். என்ன செய்வாய்? ஒரு பத்தை மாற்றுவேன் என்றாள். மாற்றினால் பத்துத் தாள் எத்தனை? மூன்று. ஒற்றை எத்தனை? பன்னிரண்டு. கையிலிருக்கும் மொத்தம் குறைந்ததா? இல்லை, அதே 42. பிறகு அவளாகவே 25 என்று எழுதினாள். திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேட்கவில்லை.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த காலத்தில்தான் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்திருந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கியது அது. அட்டைகளை அடிப்படையாக வைத்த அந்த முறைக்கு வேர் நம் எல்லைக்கு அப்பால், ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளில் இருந்தது. அதற்கும் முன்னோடியாக, எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கோலாரில், டேவிட் ஹார்ஸ்பர்க் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1972-இல் நீல்பாக் என்ற சிறிய பள்ளியை நடத்தத் தொடங்கியிருந்தார். இந்த வரலாறெல்லாம் பி.எட். படிக்கும்போதுதான் தெரிந்தது. ஆறு வயதில் எனக்குத் தெரிந்தது, பாயில் உட்காரலாம், பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தில் அடுத்த அட்டை எது என்று நானே பார்க்கலாம், மேலே கம்பிப் பந்தலில் நான் வரைந்த மயில் தொங்கும் என்பதுதான். எல்லாவற்றையும்விட, சுவரைச் சுற்றி என் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை இருந்தது. அதில் எனக்கென்று ஒரு கட்டம், மேலே என் பெயர். அங்கே தப்பாக எழுதலாம், உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். சிவப்பு மை கிடையாது. அந்த முறையில் குறைகள் இருந்தன. ஒரே அட்டையில் வாரக்கணக்கில் தங்கிவிட்ட பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டம் எனக்குக் கொடுத்ததை என் மாணவிகளுக்கு நோட்டில் கொடுக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது வலப்பக்கத்தை முயற்சிக்கு என்று விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் திருத்துவதில்லை. படிக்க மட்டும் செய்கிறேன்.

காத்திருப்பதும் நான் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையாக இருந்தது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள் என்று அவர் காட்டினார். என்னோடு பயிற்சிக்கு வந்த தோழியைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லி, கைப்பேசியில் என் நேரத்தைக் கணக்கெடுக்கச் சொன்னேன். பெரும்பாலும் ஒரு நொடி. முதல் வரிசைப் பிள்ளை கை தூக்கியதும் அங்கே ஓடிவிடுகிறேன். மூன்று நொடி மௌனமாக நிற்பது எவ்வளவு கடினம் என்று வகுப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் எல்லா மௌனமும் நொடிக் கணக்கில் தீராது. ஒரு பையன் பதில் தெரிந்தாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவான். "கையை எடுத்துவிட்டுச் சத்தமாகச் சொல்" என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது எழுந்திருக்கவே இல்லை. அறிவியல் ஆசிரியைதான் காரணத்தைச் சொன்னார். அவன் பற்கள் பழுப்பேறியிருந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவான துன்பம் இது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து, எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருக்கிறது. இதற்காகத்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் போதாத நாளில் மறுபடி பழைய கிணறுதான். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதிலேயே அந்தக் கறை படிந்துவிடுகிறது. எத்தனை தடவை துலக்கினாலும் போகாது. பல் துலக்காத பையன் என்று நானும் மனத்துக்குள் நினைத்திருந்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இப்போது அவனிடம் கேள்வி கேட்டால் கரும்பலகைக்கு வந்து எழுதச் சொல்கிறேன். எழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

பசியும் ஒரு மௌனம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. தம்பி பொங்கல் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் வகுப்பில் உட்கார்கிறான். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த அக்கா ஏழாம் வகுப்பில் மதியச் சோறு வரை காத்திருக்கிறாள். என் பாடவேளை காலையில் இரண்டாவது.

என் வழிகாட்டி ஆசிரியை 26 ஆண்டு அனுபவம் உள்ளவர். நான் இதையெல்லாம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஒரு பிள்ளையோடு பத்து நிமிடம் நீ உட்காரும்போது மற்ற 37 பேர் என்ன செய்வார்கள்?" நியாயமான கேள்வி. பாடவேளை 40 நிமிடம். பாடம் முடிக்க வேண்டும், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு ஏற்ற வேண்டும், மாதத் தேர்வு காத்திருக்கிறது. இதற்கு விடை சொல்லாத தத்துவத்தை வைத்துக்கொண்டு நான் வகுப்புக்குள் போக முடியாது.

இரண்டு வாரம் யோசித்து ஒரு வழி செய்தேன். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கு. பழைய நோட்டுத் தாளைக் கால்வாசியாகக் கிழித்த சீட்டில் செய்து, வெளியே போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மதிய இடைவேளையில் 38 சீட்டையும் பரப்பி, மதிப்பெண் போடாமல், தவறின் வகைப்படி அடுக்குவேன். முதல் நாள் சரியாகச் செய்தவர்கள் 16 பேர். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவர்கள் 11. மாற்றிவிட்டுப் பத்தைக் குறைக்க மறந்தவர்கள் 6. கூட்டிவிட்டவர்கள் 2. காலியாக வைத்தவர்கள் 3. இருபது நிமிட வேலை. ஆனால் 22 தனித்தனிப் பிள்ளைகளாகத் தெரிந்தது நாலு கட்டுகளாகிவிட்டது. மறுநாள் சரியாகச் செய்த 16 பேருக்குப் பயிற்சிக் கணக்கு கொடுத்துவிட்டு, 11 பேரோடு பன்னிரண்டு நிமிடம் உட்கார முடிந்தது. வழிகாட்டி ஆசிரியை கடைசி கட்டிலிருந்த மூன்று காலிச் சீட்டுகளை எடுத்து, இவர்கள் யார் என்று பார்த்தார். பிறகு, "இவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற விதியால்தான் பிள்ளைகள் இப்படி வருகிறார்கள் என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு பழையபடியே தொடர்கிறது. தொடர்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. இவளை ஐந்தாம் வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார வைத்திருந்தால், கடன் வாங்கு என்ற அதே சொல்லை அதே குரலில் இன்னோர் ஆண்டு கேட்டிருப்பாள். அதற்குள் வீட்டில் யாராவது, படித்தது போதும், பூக்கடைக்கு முழுநேரமாக வா என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் பெண்பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் அடுத்து என்ன பேச்சு வீட்டில் தொடங்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பயிற்சியின் கடைசி நாள் மூன்றிலக்கத்துக்கு வந்திருந்தோம். அன்றைய சீட்டில் 500-லிருந்து 236. வகுப்பு காலியான பிறகும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசையருகே நின்றிருந்தாள். அவள் சீட்டு மேலாக இருந்தது. 274 என்று எழுதியிருந்தாள்.

சரியான விடை 264. நடுவில் இருந்த சைபரைத் தாண்டி மாற்றும்போது ஒரு பத்து எங்கோ இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. புதிய தவறு. முன்பு செய்துகொண்டிருந்ததைவிடப் பல படி மேலே இருக்கும் தவறு. சிவப்புப் பேனா பையிலேயே இருந்தது.

"இது எப்படி வந்தது என்று சொல்கிறாயா?" என்றேன்.

சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு 500 ரூபாய்த் தாளை வரைந்தாள். அதன் பக்கத்தில் ஐந்து நூறுகள். ஒரு நூறை அடித்துவிட்டுப் பத்துப் பத்துகளை வரிசையாகப் போடத் தொடங்கினாள். ஏழாவது பத்தை வரையும்போது உதடு தெலுங்கில் அசைந்துகொண்டிருந்தது. வெளியே அவள் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இரு என்று கையைக் காட்டிவிட்டு எட்டாவதைப் போட்டாள்.